டிரே திறக்காத டிவிடி டிரைவும் ஒரு ஜெம் கிளிப்பும்

"சிடி டிரைவ் திறக்க மாட்டேங்குது" என்று இன்றைக்கு யாராவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர் முதலில் கேட்பது "இன்னுமா அதை வச்சிருக்கீங்க?" என்றுதான். வைத்திருக்கிறார்கள். வெளியே தெரிவதைவிட நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ எடுத்தால் ஃபிலிமோடு சேர்த்துக் கவருக்குள் ஒரு சிடியையும் போட்டுக் கொடுக்கிறார்கள். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, தாத்தா பாட்டியின் சதாபிஷேகம் என்று பதினைந்து வருடத்துக்கு முந்தைய வீடியோவெல்லாம் டிவிடியில்தான் கிடக்கிறது. அதைப் பார்க்கலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பழைய சிபியூவை இறக்கி, தூசி தட்டி, கரண்ட் கொடுத்து, டிவிடியைப் போட்டால் படம் ஓடுகிறது, வீடே உட்கார்ந்து பார்க்கிறது, முடிந்ததும் பட்டனை அமுக்கினால் "கிர்ர்" என்று ஒரு சத்தம், விளக்கு கொஞ்ச நேரம் கண் சிமிட்டுகிறது, டிரே மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குக் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று ஒரு பட்டம் உண்டு. தலை நரைத்த பிறகும் அது போகவில்லை. அதனால் இந்த மாதிரி போன் எனக்கு அடிக்கடி வரும். போனை எடுத்ததும் நான் சொல்வது, கையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள் என்பதுதான். ஏனென்றால் எல்லாருக்கும் டிரைவ் மேல்தான் கவலை: டிரைவ் போச்சா, மாத்தணுமா, எவ்வளவு ஆகும். பழைய டிவிடி ரைட்டர் செகண்ட் ஹேண்ட் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும், கெட்டால் தூக்கிப் போட்டுவிடலாம். உள்ளே மாட்டியிருக்கிறதே அந்த டிஸ்க், அதற்கு வேறு பிரதி இருக்கிறதா என்று யாரும் யோசிப்பதில்லை. பெரும்பாலும் இருக்காது. எனவே செய்கிற எந்த வேலையும் டிஸ்க்கில் கீறல் விழாமல் செய்ய வேண்டும், டிரைவ் என்ன ஆனாலும் பரவாயில்லை. இதை ஒத்துக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் நிதானமாக நடக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, டிரே நிஜமாகவே சிக்கியிருக்கிறதா அல்லது கம்ப்யூட்டர்தான் பூட்டி வைத்திருக்கிறதா என்று. ஏதாவது ஒரு புரோகிராம் டிஸ்க்கைப் படித்துக்கொண்டிருந்தால், பாதியில் யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று ஆபரேட்டிங் சிஸ்டமே டிரைவுக்கு 'திறக்காதே' என்று உத்தரவு போட்டு வைக்கும், அப்போது முன்னால் இருக்கும் பட்டனை என்ன அமுக்கினாலும் பயன் இல்லை. படம் ஓட்டிய பிளேயரை முழுசாக மூடுங்கள், மை கம்ப்யூட்டருக்குப் போய் அந்த டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து இஜெக்ட் கொடுங்கள். ஆன்டிவைரஸ் டிஸ்க்கைத் துழாவிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான், அது முடியும்வரை காத்திருங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் இஜெக்ட் என்று அடித்துப் பார்ப்பார்கள், 'பிஸி' என்று வந்தால் எந்த புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடி அதை மூடுவார்கள், அவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை. எதுவுமே சரிவரவில்லையா, ரீஸ்டார்ட் கொடுத்து, திரையில் கம்பெனி பெயர் வரும் அந்த முதல் சில நொடிகளில், விண்டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே பட்டனை அமுக்குங்கள். அந்த நேரத்தில் பூட்டி வைக்க யாரும் இல்லை. போனிலேயே தீர்ந்துபோகும் கேஸ்களில் பாதி இந்த இடத்தில் தீர்ந்துவிடும். ஒரே விதிவிலக்கு, டிஸ்க்கில் எதையாவது ரைட் செய்துகொண்டிருந்தால் அது முடியும்வரை எதையும் தொடக் கூடாது. தொட்டால் டிஸ்க் காலி.

பட்டனை அமுக்கினால் விளக்குகூட எரியவில்லை என்றால் பெரும்பாலும் டிரைவுக்குக் கரண்டே போகவில்லை, உள்ளே பவர் கேபிள் கழன்றிருக்கலாம். விளக்கு எரிந்து மோட்டார் சத்தமும் கேட்டு டிரே மட்டும் வரவில்லை என்றால் உள்ளே ஏதோ வழுக்குகிறது அல்லது தடுக்கிறது. அப்போதுதான் ஜெம் கிளிப்புக்கு வேலை.

டிரைவின் முகப்பை டார்ச் அடித்துப் பாருங்கள், பட்டனுக்கோ விளக்குக்கோ பக்கத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். சில சிபியூக்களில் டிரைவுக்கு முன்னால் அழகுக்காக ஒரு பிளாஸ்டிக் கதவு வைத்து ஓட்டையை மறைத்திருப்பார்கள், அதை விரலால் கீழே மடக்கிப் பிடிக்க வேண்டும். அந்த ஓட்டை ரீசெட் பட்டன் என்று நினைத்துப் பயந்து தொடாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். பயப்பட ஒன்றும் இல்லை, கரண்ட் இல்லாத நேரத்திலும் டிஸ்க்கை வெளியே எடுப்பதற்காகவே அந்த ஓட்டையை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவரில் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இது வெறும் சம்பிரதாயத்துக்குச் சொல்வது இல்லை. 52எக்ஸ் என்று போட்ட அதிவேக சிடி டிரைவ் முழு வேகத்தில் ஓடும்போது டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் கம்பியை விட்டு நெம்பினால் டிஸ்க் கீழே உரசிக்கொண்டே நிற்கும், அப்புறம் அதில் படம் பார்க்க முடியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள், சுற்றுகிறது நிற்கட்டும்.

கிளிப்பின் ஒரு காலை மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு நேராக நிமிர்த்திக்கொள்ளுங்கள். குண்டூசி மேஜைக் கம்ப்யூட்டர் டிரைவுக்குச் சரிவராது, நுனி கூராக இருப்பதால் உள்ளே எங்காவது குத்திக்கொண்டு நிற்கும். செல்போன் சிம் பின் சில லேப்டாப் டிரைவுக்குப் போதும், மேஜைக் கம்ப்யூட்டருக்கு நீளம் பத்தாது. ஊக்கு வளைந்துவிடும். சாதாரண ஜெம் கிளிப்தான் சரி, பெரிய சைஸ் கிளிப் ஓட்டைக்குள் நுழையாது. கம்பியைச் சாய்க்காமல் நேராக உள்ளே விட்டால் ஓரிடத்தில் முட்டும், அங்கிருந்து நிதானமாக அழுத்தினால் ஏதோ ஒன்று நகர்வது கையில் தெரியும், டிரே அரை விரற்கடை வெளியே வரும். மீதியை விரலால் இழுத்துக்கொள்ளலாம். முட்டியதும் சுத்தியலால் தட்டுவது போல் குத்தக் கூடாது, உள்ளே முட்டுவது பிளாஸ்டிக் பல்சக்கரம்தான்.

உள்ளே நடப்பது என்ன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் எதற்காக இவ்வளவு மெதுவாக என்பதும் புரியும். மேஜை டிரைவில் டிரே உள்ளே போனதும், சுற்றும் மோட்டாரும் லேசர் லென்ஸும் சேர்ந்த ஒரு சட்டம் கீழேயிருந்து மேலே எழும்பி டிஸ்க்கின் நடு ஓட்டையில் பொருந்தும், மேலேயிருந்து காந்தம் வைத்த ஒரு சின்ன வட்டம் டிஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். திறக்கும்போது இதெல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும்: முதலில் அந்தச் சட்டம் காந்தத்தின் பிடியை விடுவித்துக் கீழே இறங்க வேண்டும், இறங்கிய பிறகுதான் டிரே நகர வேண்டும். இரண்டு வேலையையும் செய்வது ஒரே ஒரு குட்டி மோட்டார், அந்த மோட்டாரின் சக்தியைப் பல்சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட். அந்த பெல்ட் வருஷக்கணக்கில் ஒரே வளைவில் கிடந்து, சூட்டில் காய்ந்து, தளர்ந்துவிடும். காந்தத்தைப் பிரிக்கிற அந்த முதல் நொடியில்தான் அதிக பலம் வேண்டும், அங்கேதான் பெல்ட் வழுக்குகிறது. நீங்கள் கேட்கிற "கிர்ர்" அதுதான். ஓட்டையில் விடும் கம்பி மோட்டாரையும் பெல்ட்டையும் விட்டுவிட்டு நேராகப் பல்சக்கரத்தையே நகர்த்துகிறது. இதில் ஒரு வேடிக்கை, பெல்ட் தளர்ந்த பல டிரைவுகள் டிஸ்க் உள்ளே இருக்கும்போது திறக்கும், காலியாக மூடினால் திறக்காது. நடுவில் டிஸ்க் இல்லாததால் காந்தம் இன்னும் நெருக்கமாக ஒட்டிக்கொள்வதுதான் காரணம். "காலி டிரேதான், நான் ஒண்ணுமே போடலியே, எப்படிச் சிக்கும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சிபியூ பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் திறக்கிறது என்பார்கள். திறக்கும்தான், அதிர்ச்சியில் காந்தம் விட்டுவிடும். அதே டப்பாவுக்குள் நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடுகிற ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறது என்பதைத் தட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

என் அத்தை வீட்டில் நடந்தது இந்தக் கணக்கில் வராத கேஸ். அவர் மகள் கல்யாண டிவிடி. எடுத்த ஸ்டுடியோவை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, கேசட்டோ வேறு பிரதியோ எங்கேயும் இல்லை. போனில் நான் சொன்னபடி அத்தை மகனே கிளிப்பை விட்டுப் பார்த்தான், டிரே ஒரு விரற்கடை வந்து நின்றுவிட்டது, அதற்குமேல் இழுத்தால் திரும்ப உள்ளே போகிறது.

"மருமகனே, பக்கத்துத் தெரு பையன் ஒருத்தன் கட்டிங் பிளேயரால பிடிச்சு இழுத்துரலாம்ங்கறான்."

"அத்தே, அந்தப் பையனுக்கு காபி போட்டுக் கொடுத்து அனுப்பிடுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் தொட வேண்டாம்."

"ஒரே ஒரு சிடிதான்டா இருக்கு."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

போய் டார்ச் அடித்துப் பார்த்தால் டிரேக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் ஒரு காகித ஓரம் தெரிந்தது. விஷயம் அதுதான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் டிவிடி மேல் மாப்பிள்ளை பெண் படம் போட்ட வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார்கள், பார்க்க ஜோராக இருக்கும். சிபியூ உள்ளே சூடேறியதும் பசை இளகி, ஸ்டிக்கர் ஒரு பக்கம் கிளம்பிச் சுருண்டு மேல்பக்கம் மாட்டிக்கொள்ளும். கிளிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது, தடுத்தது ஸ்டிக்கர். இந்த நிலையில் இழுத்தால் டிஸ்க் வளையும், உடையும்.

சரி, கழற்றுவதைத் தவிர வழியில்லை. சிபியூவின் பக்கத் தகட்டைத் திறந்து, கேபிள்களைப் பிடுங்கி, டிரைவை முன்பக்கமாக உருவினேன். கவிழ்த்து வைத்தால் அடியில் நான்கு சின்ன ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் அடித்தகடு வரும், பச்சை போர்டு தெரியும். போர்டைத் தொட வேண்டியதில்லை. பிறகு டிரேயின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கி உருவ வேண்டும், அதற்குத்தான் டிரே கொஞ்சமாவது வெளியே வந்திருப்பது நல்லது என்பது. அடுத்து முகப்பு பிளாஸ்டிக்கைப் பக்கங்களில் இருக்கும் கொக்கிகளை நகத்தால் நெம்பி எடுத்தால் மேல்தகடு முழுசாகக் கழன்று வரும். வந்தது, ஸ்டிக்கரின் பாதியோடு. டிஸ்க்கை ஓரத்தில் பிடித்துப் பத்திரமாக எடுத்தேன், அத்தை அதை வாங்கி முந்தானையால் துடைக்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

கழற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேல்தகடு இல்லாமல் டிரைவுக்குக் கரண்ட் கொடுத்து 'எப்படி ஓடுது பார்ப்போம்' என்று எட்டிப் பார்க்காதீர்கள். சிடி படிக்கிற லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, பிரகாசமாகக் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ரைட்டர் என்றால் டிஸ்க்கிலேயே சுட்டு எழுதுகிற அளவுக்கு அந்த லேசருக்கு பலம் இருக்கிறது. மூடி இருக்கிற வரைக்கும்தான் அது சாதுவான பொருள்.

கையோடு அந்த ஸ்டிக்கர் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். மீதியை உரிக்கலாமா என்பது அது சிடியா டிவிடியா என்பதைப் பொறுத்தது. இரண்டும் 1.2 மில்லிமீட்டர் கனம்தான், ஆனால் சிடியில் தகவல் இருக்கும் படலம் மேல்பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே, ஒரு பூச்சு கனத்தில் இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்தால் படலமும் கூடவே வந்துவிடும். பளபள பக்கத்தில் விழும் கீறலைவிட லேபிள் பக்கக் கீறல்தான் சிடிக்கு ஆபத்து, பலபேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு லேபிள் பக்கத்தை மேஜையில் தேய்த்து வைப்பார்கள். டிவிடி இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டிச் செய்தது, படலம் நடுவில் பத்திரமாக இருக்கும். அத்தையுடையது டிவிடி என்பதால் துணிந்து மெதுவாக முழுசையும் உரித்தேன். பாதி ஸ்டிக்கரோடு விட்டால் ஒரு பக்கம் கனமாகி, சுற்றும்போது கடகடவென்று ஆடும்.

லேப்டாப் டிரைவ் வேறு சாதி. அதில் பெல்ட்டும் கிடையாது, டிரேயை வெளியே தள்ளும் மோட்டாரும் கிடையாது. டிரேயை ஒரு கொக்கி பிடித்திருக்கும், பட்டனை அமுக்கினால் கொக்கி விலகி ஸ்பிரிங் டிரேயைத் துளி வெளியே தள்ளும், மீதியை நாம்தான் இழுக்க வேண்டும். கிளிப்பை விட்டாலும் அந்தக் கொக்கியைத்தான் விலக்குகிறோம், எனவே ஆழமாகக் குத்த வேண்டியதே இல்லை. லேப்டாப்பில் சிக்குவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், டிஸ்க்கை நடுக்குமிழில் 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்தாமல் சும்மா வைத்துவிட்டு மூடுவது. டிஸ்க் லேசாகத் தூக்கிக்கொண்டு மேல்தகட்டில் உரசும், கொக்கி விட்டாலும் டிரே நகராது. அப்போது டிரே கொஞ்சம் விலகிய இடைவெளியில் ஒரு விசிட்டிங் கார்டை டிஸ்க்குக்கு மேலாக நுழைத்து, டிஸ்க்கைக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். பழைய பிளாஸ்டிக் கார்டும் பரவாயில்லை, ஸ்கேல் வேண்டாம். ஓட்டையைத் தேடும்போது ஒன்று மட்டும் கவனம், டிரேயின் முகப்பிலேயே இருப்பதுதான் அது. கீபோர்டுக்கு மேலே இருக்கும் ஊசித்துளை மைக், அதில் குத்திவிட்டு வராதீர்கள்.

டிரேயே இல்லாமல் டிஸ்க்கை வாய்க்குள் விழுங்கும் டிரைவுகளும் உண்டு, பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலும் ஓட்டையும் இருக்காது, பட்டனும் இருக்காது. ஆன் செய்யும்போது மவுஸ் பட்டனையோ டிராக்பேட் பட்டனையோ விடாமல் அமுக்கிப் பிடித்தால் துப்பிவிடும். 8 சென்டிமீட்டர் குட்டி சிடியை அதில் போடவே கூடாது, திரும்ப வருவது சந்தேகம்.

டிஸ்க் உள்ளேயே வெடித்துவிட்டது என்றால் அது தனிக் கதை. நடு ஓட்டையில் முடி அளவுக்கு விரிசல் இருந்தாலும் அதிவேகத்தில் போட்டால் சுக்குநூறாகிவிடலாம், "பட்"டென்று வெடி போட்டது மாதிரி கேட்கும். அந்த டிஸ்க்கைக் காப்பாற்ற எதுவும் இல்லை. மறுபடி பட்டனை அமுக்காமல் டிரைவைக் கழற்றி, மூடியைத் திறந்து, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு துண்டுகளைப் பொறுக்குங்கள். டிரைவையும் விட்டுவிடுங்கள், லென்ஸ் பிழைத்திருப்பது சந்தேகம். முதலிலேயே விளக்கு வெளிச்சத்தில் நடு ஓட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு டிஸ்க்கைப் போடுவது என் வழக்கம்.

பெல்ட்தான் பிரச்சினை என்று தெரிந்தால் சரிசெய்வது சுலபம். டிரேயை முன்னால் இழுத்தாலே பெரும்பாலான டிரைவுகளில் பெல்ட் கண்ணுக்குத் தெரியும், கழற்றி, அது ஓடும் சின்னச் சக்கரங்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மாட்டினாலே கொஞ்ச நாள் ஓடும். பெல்ட்டைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் சுருங்கி இறுகும் என்று சொல்வார்கள், நிஜம்தான், செய்து பார்த்திருக்கிறேன், ஆனால் அது நிரந்தர வைத்தியம் இல்லை. டிஸ்க்கை எடுத்து நகல் எடுக்கும் வரைக்கும் தாங்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் பழைய பெல்ட்டை எடுத்துக்கொண்டு போனால், டேப் ரெக்கார்டர், விசிடி பிளேயர் பெல்ட் விற்கும் கடையில் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். சாதாரண ரப்பர் பேண்டைப் போடுவது வேண்டாம், அது சீக்கிரம் இற்றுப் பசையாகி சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் விடுவதும் வேண்டாம். இறுகியிருக்கிறதே என்று ஆசையாக நாலு சொட்டு விடுவார்கள், பெல்ட்டில் எண்ணெய் பட்டால் முன்னைவிட நன்றாக வழுக்கும்.

டிஸ்க் வெளியே வந்ததும் பலபேர் செய்வது, அதே டிரைவில் திரும்பப் போட்டு 'இப்போ சரியாயிடுச்சா' என்று பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். வேறு நல்ல டிரைவில் போட்டு, படம் பார்ப்பதற்கு முன்னால் முழு டிஸ்க்கையும் ஒரு ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது டிஸ்க்கை அப்படியே அடக்கிய ஒரே ஃபைலாக, நகல் எடுத்துவிடுங்கள், ஒரு அடுக்கு டிவிடி என்றால் 4.7 ஜிபிதான், இன்றைய பென் டிரைவில் ஒரு மூலைக்குக் காணாது. அழுக்காக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப்பாதையில் எழுதியிருப்பதால், வட்டமாக விழும் கீறல் ஒரே இடத்தில் நிறையத் தகவலை அடுத்தடுத்து அழிக்கும், குறுக்கே விழும் கீறலை டிரைவ் தானே சமாளித்துக்கொள்ளும். சில இடங்களில் படிக்காமல் நின்றால், விடாமல் திரும்பத் திரும்ப முயன்று கிடைப்பதை மட்டும் எடுத்துத் தரும் மென்பொருட்கள் லினக்ஸில் இலவசமாகவே இருக்கின்றன, டிடிரெஸ்க்யூ என் கைக்குப் பழகியது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

அத்தையின் டிவிடி முழுசாக வந்துவிட்டது. நாதஸ்வரக் கச்சேரி ஓடும் இடத்தில் மட்டும் படம் கொஞ்ச நேரம் கட்டம் கட்டமாக உடைகிறது, அது ஸ்டுடியோவிலேயே அப்படித்தான் ரைட் ஆகியிருக்க வேண்டும். இப்போது அவர் மூலமாகத் தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்து, ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு மஞ்சப்பை நிறைய டிஸ்க் வந்து சேருகிறது. என் ரைட்டரும் எத்தனை நாள் தாங்குமோ. யாராவது பழைய டிவிடி ரைட்டரைக் காயலான் கடைக்குப் போடுவதாக இருந்தால் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிரே திறக்காவிட்டாலும் பரவாயில்லை, பெல்ட் என்னிடம் இருக்கிறது, லென்ஸ் நன்றாக இருந்தால் போதும்.